புரட்டாசியில் ஒரு கொம்புத் தவளை

செல்லப் பிராணிக் கடை என்பது, "நான் ஒண்ணுமே பண்ணலக்கா, அதுவா செத்துப்போச்சு" என்பதை நாள்தோறும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தொழில். மீன், கிளி, முயல் விற்று நொந்துபோன சகாக்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருப்போரூரில் என் கடைக்கு வருகிற யாரையும் நான் நம்புவதில்லை. அதிலும் தவளை வாங்குகிறவர்களை அறவே நம்புவதில்லை.

கோவளத்துக் கருவாடு

கோவளத்தில் படகு என்ஜின் பழுது பார்க்கும் ஒருவர் என்னிடம் தவளை வாங்கினார். ஒரே மாதத்தில் தோல் சுருங்கி, சோர்ந்துபோன தவளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தீனிக்கென்று நான் உயிரோடு விற்கும் கிரிக்கெட் பூச்சியைத் தவிர வேறெதையும் காட்டவில்லை என்று சத்தியம் செய்தார். டப்பாவை மோந்து பார்த்தேன். நெத்திலிக் கருவாட்டு வாசம்!

உப்பு பட்டால் தவளைக்கு ஆகவே ஆகாது என்று முதலில் கத்தினேன். பிறகுதான் சந்தேகம் வந்தது. அசையாத எதையும் தவளை இரையாக நினைக்காதே, கருவாட்டை எப்படித் தின்றது? மனுஷன் நூலில் கட்டி ஆட்டியிருக்கிறார். கூச்சமே இல்லாமல் சொன்னார்: "நான் இன்னாக்கா பண்றது, ஆட்னேன், அது நம்பிகினு துன்னுச்சு."

அரை மணி நேரப் பாடம்

அதற்குப் பிறகு பாடம் நடத்தாமல் ஒரு தவளையையும் நான் வெளியே அனுப்புவதில்லை. பிளாட் விற்கும் செல்வமும் அவர் மனைவி கோமதியும் கண்ணுக்கு மேலே கொம்பு மாதிரி புடைத்திருக்கும் குட்டிக் கொம்புத் தவளை வாங்க வந்தபோது அரை மணி நேரம் நடத்தினேன். பூச்சி, தவளையின் இரண்டு கண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. தொட்டியில் கூழாங்கல் போட்டால் பூச்சியோடு சேர்த்து அதையும் விழுங்கிவிடும். விரலால் கொடுத்தால் விரலையே கவ்வும், இடுக்கியால் கொடுங்கள். தின்னாமல் விட்ட பூச்சியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது தவளையைக் கடிக்கும்.

முக்கியமானதைக் கடைசியில் சொன்னேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை, மூன்று பூச்சி, அவ்வளவுதான். இந்த ஜாதிக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது, நாம்தான் நிறுத்த வேண்டும். செல்வம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இப்படித் தலையாட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு உள்ளுக்குள் குறுகுறுக்கும். கோமதி வாசல்வரை போய்த் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏன்க்கா, இது நம்மள அடையாளம் கண்டுக்குமா?"

மொட்டை மாடி

புரட்டாசி பிறந்த மூன்றாம் நாள் செல்வம் தனியாக வந்தார். தெருவை இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். அவர்கள் வீட்டில் இந்த மாதம் முட்டைகூட நுழையாது. உயிரோடு பூச்சியைப் போடுவது பாவம், மாதம் முடிகிறவரை தவளையும் விரதம் இருக்கட்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடிவெடுத்துவிட்டார்களாம்.

குட்டித் தவளை, ஒரு மாதம் தாங்காது என்றேன். அதற்குத்தான் வந்தேன் என்றார். கோமதி வேலைக்குக் கிளம்பிய பிறகு, தவளையை ஒரு டப்பாவில் போட்டு மாடிக்குக் கொண்டுபோய் ஊட்டுவாராம். பூச்சியை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்: "மொட்ட மாடி வூட்டுக்குள்ள சேராதுக்கா, கோமதியாண்ட மட்டும் சொல்லிடாத."

பக்கத்து வீட்டு போர்ட்டிகோ

மறுநாளே கோமதியும் பூச்சி கேட்டுத் தனியாக வந்தார். வேலை முடிந்து வந்ததும், பக்கத்து வீட்டில் கார் நிறுத்துகிற இடத்தில் வைத்து ஊட்டுவாராம். செல்வத்துக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடுமாம். அவரிடம் சொல்ல மாட்டேன் என்று இவருக்கும் வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு பேரும் மாறி மாறி வந்து டப்பா டப்பாவாகப் பூச்சி வாங்கினார்கள். எனக்குத் தூக்கம் கெட்டது. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத தவளைக்கு இத்தனை பூச்சியா? இருவரில் ஒருவர் புளுகுகிறார். செல்வம் பூச்சியைக் கோத்து மதுராந்தகம் ஏரியில் தூண்டில் போடப் போகிறாரா? கோமதி எனக்குப் போட்டியாக வீட்டிலேயே பூச்சி யாவாரம் ஆரம்பித்துவிட்டாரா? படம் அனுப்பச் சொன்னேன். தவளை பூச்சியைக் கவ்வும் படத்தை இருவருமே அனுப்பினார்கள். இரண்டுமே பழைய படம் என்று முடிவுகட்டினேன். கோமதியிடம் ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன், எல்லாப் பூச்சியும் தவளைக்குத்தானா என்று. அவர் முகம் சுண்டிப்போனது: "பெருமாள் மாசத்துல எவளாவது பொய் சொல்லுவாளாக்கா?"

மூன்றாம் சனிக்கிழமை

நெற்றியில் நாமத்தோடு செல்வமும் ஈரத் தலையோடு கோமதியும் சேர்ந்து வந்தார்கள். டப்பாவுக்குள் தவளை ஊதிப்போய், வாயைப் பிளந்தபடி, தொட்டாலும் அசையாமல் கிடந்தது. ஒருவருக்கொருவர் தெரியாமல் இருவருமே எனக்குக் கண்ணைக் காட்டினார்கள், சொல்லிவிடாதே என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் காலையில் மாடியில் ஊட்டியதும் உண்மை, இவர் சாயங்காலம் போர்ட்டிகோவில் ஊட்டியதும் உண்மை. எல்லாப் பூச்சியும் இந்த ஒரு வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது. வாக்காவது ஒன்றாவது, இருவர் முன்னாலும் போட்டு உடைத்தேன்.

கடையை மூடிவிட்டு மூவருமாகச் செங்கல்பட்டுக் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். வயிறு அடைத்துக் கிடக்கிறது, ஒரு வாரம் தீனியே கூடாது, குளோரின் போன வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள், மற்றது அதன் ஆயுசு என்றார் மருத்துவர். நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோமதி வந்த முதல் நாளே நான் வாயைத் திறந்திருந்தால் இது நடந்திருக்காது. ஊரையே சந்தேகப்படத் தெரிந்த எனக்கு, இதை யோசிக்கத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் தவளைக்கு வயிறு கழிந்தது. கோமதி அதைப் படமெடுத்து அனுப்பினார். அந்தக் கண்றாவியைப் பார்த்து நான் அழுதேன்.

பிறகு ஒரு நாள் கோமதி நேரில் வந்தார். பூச்சிப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபமில்லாமல்தான் கேட்டார்: "அவருக்கும் வித்த, எனக்கும் வித்த, தவளைக்கு வயிறு ஒண்ணுதானேக்கா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் பொய் சொல்லாத வாடிக்கையாளர்கள் இரண்டே பேர், அந்த இரண்டு பேரைத்தான் நான் புளுகர்கள் என்று முடிவுகட்டி வைத்திருந்தேன்.