ரப்பர் பால் பூசிய இயேசு

மலாயாவில் தம்போய்க்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் பெரிய வெள்ளிக்கிழமைதோறும் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். கோயிலுக்கு முன்னால் இருந்த திடலில் மதியம் தொடங்கி, மூன்று மணிக்குச் சிலுவையில் முடியும். நான் சொல்லப்போவது முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வேலை பால் வெட்டுவது. நாடகத்தில் இயேசுவைச் சாட்டையால் அடிக்கும் சேவகன் வேஷம்.

இயேசு எங்கள் பெரிய கிராணி. தோட்டத்துக் கணக்கெல்லாம் அவர் கையில். கோயிலில் மாட்டியிருந்த படத்தில் இயேசுவுக்கு நீலக் கண், தேன் நிறத் தலைமுடி, துரையம்மாளுக்கு இருப்பது போன்ற கன்னம். எங்களில் கொஞ்சமாவது சிவப்பானவர் கிராணிதான். அதற்கு மேலும் பெடாக் என்கிற அரிசிப் பவுடரைக் குழைத்து அப்பிக்கொண்டு வருவார். இயேசு வெள்ளைக்காரர் என்பதில் எனக்கும் அன்றைக்குச் சந்தேகம் கிடையாது.

தொல்லை எங்கே என்றால், பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் லயத்து வீடுகளில் இருக்கும் இந்துக்கள். வேதக் கதை அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், வெளுத்த முகமும் வெள்ளை உடுப்புமாகத் துரையைப் போல ஒருவர் வருகிறார், அவருக்குச் சாட்டையடி விழுகிறது என்பதுதான். அதைவிடச் சந்தோஷமான காட்சி அவர்களுக்கு வேறு ஏது? நான் சாட்டையை ஓங்கும்போதெல்லாம் திடலே சிரிக்கும். புல் வெட்டும் கிழவி ஒருத்தி வருஷம் தவறாமல் முன்வரிசையில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு போடு தம்பி" என்பாள். நானும் இரண்டு போடுவேன்.

ஆனால் வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. ஆண்டவர் பாடுபட்ட நாளில் ஊரே சிரிக்கிறதே என்று அவமானமாக இருக்கும். ஒரே ஒருவரையாவது அழவைத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. நான்கு வருடம் அடித்து அடித்து இயேசுவின் வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம். என்னைவிட நன்றாக அதை யாராலும் பேச முடியாது என்ற நினைப்பும் உண்டு. அந்த நினைப்பு இன்றும் போகவில்லை.

ஐந்தாம் வருடம் கிராணிக்கு மலேரியாக் காய்ச்சல். வியாழக்கிழமை எனக்கு ஆள் அனுப்பினார். நானும் என் மனைவியும் போனோம். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வசனம் தெரியுமாடா?"

"தெரியுங்க ஐயா. உங்களுக்கு மறந்தாலும் எனக்கு மறக்காது."

"வாய் ஜாஸ்தி. கலருக்கு என்ன பண்றது?"

நான் நல்ல கறுப்பு. அவருடைய பெடாக்கையே குழைத்து என் மனைவி அங்கேயே பூசிக் காட்டினாள். வெளுப்பு வரவில்லை, சாம்பல்தான் பூத்தது.

"அலமாக், பண்டாரம் மாதிரில்ல இருக்கான்" என்றார் கிராணி. கொஞ்சம் யோசித்தார். "ரப்பர் பால் பூசு. நல்லா வெள்ளையா இருக்கும், வேர்வைக்கும் கரையாது. முகத்துல துளி கறுப்பு தெரியக்கூடாது, சொல்லிட்டேன்."

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கையில் சிந்திய பால் காய்ந்தால் வெள்ளை போய்விடும் என்பது பால் வெட்டுகிற எல்லாருக்கும் தெரியும். தெளிந்து, லேசாகப் பழுப்பேறி, தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். கிராணி பாலை வாளியில்தான் பார்த்திருக்கிறார். எடை பார்த்து எழுதுவதோடு சரி, ஒரு சொட்டும் மேலே படவிட்டதில்லை. ரப்பர் ஷீட் பழுப்பாவது புகை போடுவதால் மட்டும்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரிங்க ஐயா" என்று வந்துவிட்டேன்.

வழியில் மனைவி, "ஏங்க, காஞ்சா என்ன ஆகும்னு தெரியும்ல? கோவத்துல உங்க நிரையைப் புடுங்கிட்டு காட்டோரமா போட்டுடுவாரு" என்றாள். நான் பால் வெட்டும் மர வரிசைதான் நிரை; நல்ல மரங்கள் உள்ள நிரையாகப் பார்த்து எனக்குக் கொடுத்தவரே கிராணிதான். காட்டோரம் என்றால் வற்றிய மரமும் புலிப் பயமும்.

"போடட்டும் லா. ஒரு நாளாச்சும் நான் இயேசு" என்றேன்.

மறுநாள் அவள் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு நிறையப் பால் கொண்டுவந்து, புருவத்தில் எண்ணெய் தடவிவிட்டு, முகத்திலும் கழுத்திலும் கையிலும் பூசினாள். கிராணி கம்பளியைப் போர்த்திக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்து பார்த்தார். சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தேன். அவருக்குப் பரம திருப்தி. போய் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒலிவ மலையில் ஜெபித்தபோது நான் வெள்ளைக்காரன். பிலாத்துவின் முன் நின்றபோது முகம் இறுகத் தொடங்கியது. வெயில் நன்றாகக் காய்ந்தது. தூணில் கட்டியபோது, என் கையைப் பார்த்தேன், என் கையாகவே இருந்தது. சிரிக்க வந்தவர்கள் சிரிக்காமல் என்னையே பார்த்தார்கள். புதுச் சேவகன் சாட்டையை ஓங்கினான். முன்வரிசையில் இருந்த கிழவி மூன்றாவது அடி விழுந்ததும் எழுந்தாள். நேரே வந்து அவன் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கினாள்.

"போதும் விடுடா. நம்ம புள்ளைய ஏண்டா இப்புடி அடிக்கிற? அவன் யாருக்கு என்ன பண்ணான்?"

அவள் மகனைத் துரை ஒருமுறை பிரம்பால் அடித்தது தோட்டத்துக்கே தெரியும். சேவகன் பேந்தப் பேந்த விழித்தான். இரண்டு பேர் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் உட்காரவைத்தார்கள். என்னைச் சிலுவையில் ஏற்றியபோது அவள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். வேதக்காரப் பெண்களும் இந்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சாவு வீட்டில்தான் அப்படி அழுவார்கள். சிலுவையில் தொங்குகிறவன் நினைக்கக்கூடாததை நான் நினைத்தேன்: ஜெயித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் கடைசி வசனத்தைத் தொண்டை கிழியச் சொன்னேன்.

இறங்கியதும் கிராணி வந்தார். "காஞ்சா இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமாடா?"

"பால் வெட்டுறவனுக்குத் தெரியாதுங்களா ஐயா?"

நிரை போயிற்று என்றே நின்றேன். அவர் கம்பளியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தார்.

"நாலு வருஷம் நான் அடி வாங்கினேன். ஒருத்தர் கண்ணுலயும் தண்ணி வரல. இன்னிக்கு எனக்கே வந்துருச்சு. அடுத்த வருஷமும் நீதான். பாலும் வேணாம், பெடாக்கும் வேணாம்."

ஜப்பான்காரன் வரும்வரை நான்தான் இயேசு, என் சொந்த நிறத்தில்.

அன்று வீட்டில் மனைவி என் முகத்திலிருந்து காய்ந்த பாலை உரித்தாள். உயிர் போகிற வலி. மூக்கும் கன்னமுமாக முழுசாகக் கையில் வந்தது. அவள் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, மரத்தில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்துச் சேர்க்கும் ஒட்டுப்பால் கூடையில் போட்டாள். மறுநாள் மற்ற ஒட்டுப்பாலோடு சேர்ந்து எங்கள் தோட்டத்து வெள்ளை இயேசு ஆலைக்குப் போனார். திரும்பி வரவில்லை.