பத்திரத்தில் பாதிச் சுவர்

பழைய செங்கல் வீட்டைக் கட்டிக் காப்பதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, வருகிறவன் போகிறவன் எல்லாம் மேலதிகாரி. என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் வீடு, பூ வியாபாரியான என் கொள்ளுத்தாத்தா கட்டியது. கொள்ளிடக் கரை மண்ணில் சொந்தமாகச் சூளை போட்டு, மெல்லிசு மெல்லிசாகச் செங்கல் சுட்டு, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பில் கட்டினார். கூரையும் செங்கல்தான், தேக்குக் கட்டைகளின் மேல் குத்தி நிறுத்தியது. ஒரு மழைக்கும் ஒழுகியதில்லை.

நெட் வந்த கதை

பேரனுக்காக இன்டர்நெட் போட ஆள் வந்தான். கூடத்தில் பெட்டியை மாட்டினான். அடுத்த அறைக்குப் போனால், சிக்னல் எட்டாமல் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒயர் இழுக்கச் சுவரைத் துளைத்தான். துளைக்கிற கம்பி முழுசும் உள்ளே போயும் அந்தப் பக்கம் வரவில்லை. சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னான்:

“அறைக்கு ஒரு கனெக்‌ஷன் வாங்கிக்கங்கய்யா. உங்களை மாதிரி நாலு வீடு இருந்தா எங்க கம்பெனி பிழைச்சுக்கும்.”

நிலை

அப்பா போன பிறகு வீட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்தோம். நடுச்சுவர் எனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி என்று பத்திரம். தம்பி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் பங்கை ஃப்ளாட் கட்டுகிறவரிடம் கொடுத்தான். அன்றோடு அவனிடம் பேச்சை விட்டேன்.

அந்த பில்டர் என் பங்கையும் கேட்டு வந்தார். பேச்சு மும்முரத்தில் எங்கள் தாழ்ந்த வாசல் நிலையில் நெற்றியை மோதிக்கொண்டு, “முதல்ல இதை இடிச்சுத் தள்ளணும்” என்றார். என் மனைவி ஈரத்துணியை நீட்டினாள்.

“முதல்ல குனியப் பழகுங்க சார்.”

நடுச்சுவர்

தம்பி பங்கை இடிக்க ஜேசிபி வந்தது. கடைசியில் நடுச்சுவர்தான் பாக்கி. அதில் தம்பியின் பாதியை மட்டும் சீவி எடுக்கச் சொன்னார் பில்டர். என் வீட்டு உத்திரமெல்லாம் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது ஆடினால் என் தலையில் கூரை. நான் உள்ளே போய்ச் சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பில்டரின் கொத்தனார் ஓரத்தில் இரண்டு கல்லைப் பெயர்த்துப் பார்த்தார். ஒவ்வொரு வரியிலும் செங்கல் குறுக்கே ஓடி இரு பாதியையும் கோத்துப் பிடித்திருந்தது. உளியைக் கீழே வைத்துவிட்டார்.

“கோடு பத்திரத்துல இருக்கு சார், சுவர்ல இல்லையே. தொட்டா மொத்தமும் வரும், உள்ளே பெரியவர் வேற உட்கார்ந்திருக்காரு.”

சுவரை விட்டுவிட்டு, இடைவெளி கொடுத்து ஃப்ளாட்டைத் தள்ளிக் கட்டினார்கள்.

சித்திரை வெயில்

அந்த ஃப்ளாட்டில்தான் மேல்மாடியில் இப்போது தம்பி குடியிருக்கிறான். போன சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. துண்டால் விசிறிக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தான். குனிந்து நுழைந்தான்; பழக்கம் போகவில்லை. என்னைப் பார்க்காமல் கூடத்தில் உட்கார்ந்து, நடுச்சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினான். உள்ளே அப்படியொரு குளிர்ச்சி. நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். மோர் கொண்டு வந்த என் மனைவியிடம் சொன்னான்:

“அண்ணி, நான் என் பாதிச் சுவர்லதான் சாஞ்சிருக்கேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க.”

அதன் பிறகு அடிக்கடி வந்து சாய்கிறான். சாயட்டும், ஆனால் அவன் தலை பட்ட எண்ணெய்க் கறைக்கு வாரா வாரம் சுண்ணாம்பு அடிப்பதும் இந்தத் தொழிலில் என் தலையில்தான் விழுந்திருக்கிறது.