ரயர் அடுக்குக்குப் பின்னால்

ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தவன் நான். எழுத வந்தது துணிச்சல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் பழைய சட்டையின் நெஞ்சில் போகாமல் கிடக்கும் மஞ்சள் கறையைக் காணும்போதெல்லாம், எங்கள் களஞ்சியப் பொறுப்பாளரைப் பற்றி யாருக்காவது சொல்ல வேண்டும் போலிருக்கும்.

அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரை 'மிஸ்' என்பேன். அவர் என்னை 'அண்ணை' என்பார். அப்போது அவர் பொறுப்பேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு பெண் சொல்லிக் களஞ்சியத்து ஆண்கள் கேட்பார்களா என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அந்த நேரத்தில்தான் நிறுவனம் எங்களைக் கொடிகாமம் பக்கம் ஒரு தென்னங்காணிக்கு, துப்பாக்கியால் சாய உருண்டை சுடும் 'பெயின்ட்போல்' விளையாட அழைத்துப் போனது. பக்கத்துக்கு நான்கு பேர். சாய உருண்டை பட்டவர் வெளியேற வேண்டும். நடுவிலுள்ள கொடியை எடுக்கும் அணிக்கு வெற்றி. மூன்று ஆட்டம். களஞ்சியம் ஒரு பக்கம், மனேச்சர் ஐயாவின் அலுவலகம் மறுபக்கம்.

மிஸ் ஒரு பெட்டி மட்டையில் காணியை வரைந்தார். மூன்று பேர் இடப்பக்கத்துப் பீப்பாய்களின் மறைவில் முன்னேறுவது. நான்காவது ஆள் வலப்பக்கத்துப் பழைய லொறி ரயர் அடுக்கை விட்டு அசையாமல் அந்த வழியை அடைத்து வைத்திருப்பது. அந்த இடத்துக்கு என்னைச் சொன்னார்.

"உவரோ? பஸ்ஸிலை 'இறக்கம்' எண்டு நிப்பாட்டச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஹோல்ற்றிலை இறங்கிற ஆள்," என்றார் எங்கள் அணியிலிருந்த லொறிச் சாரதி.

"அதுக்குத்தான். ஓடித் திரியிறவை அதிலை நிக்க மாட்டினம்," என்றார் மிஸ். "அண்ணை, ஒருத்தரையும் துரத்த வேண்டாம். உந்தப் பக்கத்தாலை ஒருத்தரும் வராட்டில் போதும்."

முதல் ஆட்டத்தில் அந்தப் பக்கத்தால் வந்தவர் மனேச்சர் ஐயா. பதினெட்டு வருடமாக அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறவன் நான். அன்றும் எழுந்து நின்றுவிட்டேன். நெஞ்சில் மஞ்சள் வெடித்தது. திறந்த வழியால் புகுந்து அவர் எங்கள் மற்ற மூவரையும் பின்னாலிருந்து அடித்துக் கொடியை எடுத்தார்.

ஆளை மாற்றச் சொல்லிச் சாரதி ஒற்றைக்காலில் நின்றார். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். மிஸ் ஏசவில்லை.

"இடம் பிழையில்லை. அண்ணை, இந்தமுறை முழங்காலிலை இருங்கோ. உங்களுக்கு எழும்ப நேரம் எடுக்கும். அதுக்குள்ளை சுட்டிடுவியள்."

அப்படியே நடந்தது. ஐயாவைக் கண்டதும் உடம்பு எழும்பப் பார்த்தது, முழங்கால் விடவில்லை. விசையை அழுத்தினேன். "ஆரப்பா உது?" என்று சாயம் பட்ட தோளைத் தடவிய ஐயா, என்னைக் கண்டு சிரித்தபடி வெளியே போனார். அந்த ஆட்டமும் அடுத்ததும் எங்களுடையவை.

இப்போது மிஸ் வவுனியாக் கிளையைப் பார்க்கிறார். என்னை எந்த இடத்தில் வைக்கலாம் என்று அவ்வளவு யோசித்த ஒருவரை அதற்கு முன்னும் நான் காணவில்லை, பின்னும் காணவில்லை.

விளையாட்டுக்கு மறுநாள் காலை, எந்தப் பெட்டிகளை முதலில் ஏற்றுவது என்று, அதுவரை தன் எண்ணப்படியே ஏற்றிவந்த சாரதி மிஸ்ஸிடம் வந்து கேட்டார்.