வலிக்கிறது என்று சொல்லக் கூடாதாம்!

1988ஆம் ஆண்டு என் மகள் ஷீபா சாகக் கிடந்தாள். எட்டு வயதுப் பிள்ளை. அவளை அந்த நிலைக்குக் கொண்டுபோனது காய்ச்சல் மட்டும் இல்லை, நாங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பக்தியும்தான். இதைச் சொல்லும்போது என் குரல் ஏறும். பொறுத்துக்கொள்ளுங்கள். சாட்சி சொல்கிறவள் புன்னகையோடுதான் நிற்க வேண்டும் என்று ஆண்டவர் எங்கேயும் கட்டளை போடவில்லை.

என் பெயர் லில்லி. கிள்ளானில் குடியிருக்கிறோம். என் கணவர் டேவிட் அப்போது துறைமுகத்திலிருந்து ஜொகூருக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் நானும் ஷீபாவும்தான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். ரவாங் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நாங்கள் இருந்தபோது என் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். காலையில் என்னோடு சண்டை போட்டவன் அடுத்த வாரம் இல்லை. அதிலிருந்து யாருக்காவது உடம்பு சுட்டால் பக்கத்தை விட்டு நகர மாட்டேன். ஷீபா தும்மினால் போதும், நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். லோரி வரத் தாமதமானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். சாப்பாடு இறங்காது. பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா கோயிலுக்குப் போகிறவர். "உன் சாமி உனக்குத் தூக்கத்த மட்டும் குடுக்க மாட்டேங்கிறாரே லில்லி, நான் வேணா என் சாமிகிட்ட சொல்லிப் பாக்கவா?" என்று கேலி செய்வார்.

இந்தப் பயம் ஒழிய வேண்டும் என்றுதான் சிஸ்டர் ஹெப்சி வீட்டு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்தேன். (ஹெப்சி அவருடைய உண்மையான பெயர் இல்லை. பெயரைச் சொல்லி அவமானப்படுத்த நான் வரவில்லை.) புதன்கிழமை மத்தியானம் ஏழெட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு கூடுவோம். அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அங்கே யாருக்கும் தலைவலி கிடையாது. யாருக்கும் காய்ச்சல் கிடையாது, கவலை கிடையாது, பயம் கிடையாது. இருந்தாலும் வாயால் சொல்லக் கூடாது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "ஜெயமா இருக்கேன் சிஸ்டர்" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஒரு வயதான அம்மா மூட்டு வலி என்று ஆரம்பித்தார். ஹெப்சி ஓடிவந்து அவர் வாயைக் கையால் பொத்தினார். "வாயில வந்தா வாழ்க்கையில வந்துரும் ஆன்டி! வலின்னு சொன்னா வலிய வீட்டுக்குள்ள கூப்பிடுற மாதிரி!" என்றார்.

பிள்ளைகளுக்கும் அதே பாடம்தான். வரிசையாக நிற்க வைப்பார்கள். "எப்படி இருக்கே?" என்று ஹெப்சி கேட்பார். "நான் சுகமாயிட்டேன், அல்லேலூயா!" என்று கைதட்டிச் சொல்ல வேண்டும். யார் சத்தமாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு மிட்டாய். எங்கள் ஷீபாதான் எப்போதும் மிட்டாய் வாங்குவாள். நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முதலில் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. பயம் என்று சொல்லாமல் இருந்தால் பயம் போய்விடும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அது போகவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. முன்பெல்லாம் பார்வதி அக்காவிடமாவது புலம்புவேன், ஜெபத்தில் அழுவேன். இப்போது ஜெபத்தில்கூட "எனக்குப் பயமே இல்லை ஆண்டவரே" என்று அவரிடமே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஷீபாவுக்குக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே உடம்பு கொதித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டேவிட் ஜொகூரில் இருந்தார். ஹெப்சிக்குப் போன் போட்டேன். இரண்டு பெண்களோடு வந்தார். எண்ணெய் பூசினார்கள், ஜெபித்தார்கள், பாடினார்கள். "கிளினிக்குக் கூட்டிட்டுப் போகவா சிஸ்டர்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யார நம்புற லில்லி? டாக்டரையா, ஆண்டவரையா?"

இது என்ன கேள்வி என்று அன்று கேட்கத் தெரியவில்லை, இன்று கேட்கிறேன். சோறு வடிக்கிறவளிடம், நீ அரிசியை நம்புகிறாயா ஆண்டவரை நம்புகிறாயா என்று யாராவது கேட்பார்களா? டாக்டருக்குப் புத்தி கொடுத்தது யார்? இதே ஹெப்சி தன் பல்வலிக்கு பிரிக்பீல்ட்ஸில் பல் டாக்டரிடம் போனதைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன். அவர் போனால் அதற்குப் பெயர் ஞானமாம். என் பிள்ளை போனால் அவிசுவாசமாம்! நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சில நாள் கழித்து ஒரு காலையில் காய்ச்சல் இறங்கியது. நெற்றி குளிர்ந்துவிட்டது. ஹெப்சியும் மற்றவர்களும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு ஆர்ப்பரித்தார்கள். நானும் சேர்ந்துதான் கைதட்டினேன். ஆனால் பிள்ளை எழுந்து விளையாடவில்லை. சுவரில் சாய்ந்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடித்த தண்ணீரை வாந்தி எடுத்தாள். "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டேன். "நான் சுகமாயிட்டேன், அல்லேலூயா" என்றாள். குரலே இல்லை. எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்.

சத்தம் கேட்டு வந்த பார்வதி அக்கா பிள்ளையின் கையைத் தொட்டார். முகம் மாறிவிட்டது. "கையெல்லாம் சில்லுன்னு இருக்கு. எனக்கு இது புடிக்கல. கெளம்பு லா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வாசலத் தாண்டினா வாங்கின சுகம் போயிரும் லில்லி" என்றார் ஹெப்சி.

"போனா என் தலையில போகட்டும். நகருங்க" என்று சொல்லிவிட்டு, பார்வதி அக்கா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி டாக்ஸியை நிறுத்தினார். நான் பின்னாலேயே ஓடினேன். என் தைரியத்தில் போனேன் என்று சொல்ல மாட்டேன். என் பிள்ளை அவர் இடுப்பில் இருந்தாள், அதனால் போனேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. நம்பர் வாங்கிக் காத்திருந்தோம். ஒருவர்தான் கூட வரலாம் என்றதால் பார்வதி அக்கா வெளியே நின்றார், நான் பிள்ளையோடு உள்ளே போனேன். சின்ன வயது சீன டாக்டர், பெண். பக்கத்தில் தமிழ் நர்ஸ் ஒருவர், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இல்லை. டாக்டர் குனிந்து ஷீபாவைப் பார்த்து, "சக்கிட்?" என்று மலாயில் கேட்டார். எங்கேயாவது வலிக்கிறதா என்று மிஸ்ஸியும் தமிழில் கேட்டார்.

அதுவரை என் தோளில் துவண்டு கிடந்த பிள்ளை தலையைத் தூக்கினாள். இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, ஒரு சிரிப்பும் சிரித்து, "தக் சக்கிட், வலிக்கல. நான் சுகமாயிட்டேன், அல்லேலூயா!" என்றாள்.

மிஸ்ஸி சிரித்துவிட்டார். டாக்டர் "குட் கேர்ள்" என்று கன்னத்தைத் தட்டினார். "காய்ச்சல் இருந்துச்சாம்மா?" என்று மிஸ்ஸி என்னைக் கேட்டார். நான் சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் கொட்டியிருக்க வேண்டும். ஆனால் நாக்கு எழவில்லை. வாயில் வந்தால் வாழ்க்கையில் வந்துவிடுமே! "இருந்துச்சு மிஸ்ஸி. இப்ப இல்ல" என்றேன். டாக்டர் ஒரு மருந்தை எழுதிக்கொடுத்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. வலியே இல்லை என்று சொல்கிற பிள்ளையை அவர் என்ன செய்வார்?

வெளியே வந்தோம். பார்வதி அக்கா மருந்து வாங்கப் போனார். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது. என் தம்பியின் முகம் கண்முன் வந்து நின்றது. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஆள் நடக்கிற வராந்தா என்றுகூடப் பார்க்காமல் சத்தமாகவே ஜெபித்தேன்.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு! ரொம்பப் பயமா இருக்கு! பயம் இல்ல, இல்லன்னு உம்மகிட்ட சொன்னதெல்லாம் பொய். என் வாயப் பூட்டிட்டாங்க, என் பிள்ள வாயையும் பூட்டிட்டாங்க. இவளுக்கு என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியல, உமக்குத் தெரியும். நீர் தகப்பன்தானே? இவ வாயத் திறந்துவிடும்!"

எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பாட்டி என்னையே பார்த்தார். நான் கவலைப்படவில்லை. ஜெபத்துக்கு ஆமென்கூடச் சொல்லவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

மடியில் ஷீபா அசைந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, பயம்னு சொல்லலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சொல்லலாம்டா. ஏசப்பாகிட்ட எல்லாமே சொல்லலாம்" என்றேன்.

"அப்போ வலிக்குதுன்னும் சொல்லலாமா?"

"சொல்லு கண்ணு. எங்க வலிக்குது?"

"வயிறு, அம்மா. ரொம்ப வலிக்குது. ரொம்ப நாளா வலிக்குது" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

சகோதர சகோதரிகளே, எனக்கு வானத்திலிருந்து சத்தம் கேட்கவில்லை. தரிசனம் வரவில்லை. என் ஜெபத்துக்கு ஆண்டவர் கொடுத்த பதில் அந்த அழுகைதான். கேட்ட வாய் மூடுவதற்குள் கொடுத்தார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கே திரும்ப ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "மிஸ்ஸி, நாங்க சொன்னது பொய்! நாலஞ்சு நாளா நெருப்பா கொதிச்சா. வாந்தி எடுக்கிறா. வயிறு வலிக்குதாம். டாக்டர்கிட்ட சொல்லுங்க, வலிக்குதாம்!"

டாக்டர் உடனே எழுந்து ஷீபாவைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்தினார். பிள்ளை வீறிட்டாள். அவ்வளவுதான். ரத்தம் எடுத்தார்கள், வார்டுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், ட்ரிப் ஏற்றினார்கள். டெங்கி. அதிலும் உள்ளே ரத்தம் கசிய வைக்கிற மோசமான டெங்கி. காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் அதில் ஆபத்தான நேரமாம். நாங்கள் கைதட்டிய நேரம்! வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு அந்த மிஸ்ஸியிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டேவிட் வந்து சேர்ந்தபோது ஷீபா கண்விழித்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முறையிட ஆரம்பித்தாள். ஊசி வலிக்குது, கஞ்சி நல்லால்ல, பக்கத்துக் கட்டில் பையன் சத்தம் போடுறான், முதுகு அரிக்குது. டேவிட் சிரித்துக்கொண்டே அழுதார். அவளுடைய ஒவ்வொரு முனகலுக்கும் நான் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். அன்று அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் தூங்கிப்போனேன். பிள்ளை இன்னும் தேறவில்லை, ஆனால் நான் தூங்கினேன். மனதில் இருந்ததையெல்லாம் அவரிடம் கொட்டிவிட்டேன், சுமக்க எதுவும் மிச்சம் இல்லை.

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தாள். இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். ஹெப்சி விடவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் எல்லா ஜெபக்குழுக்களும் கூடுகிற கூட்டம். அதில் என்னைக் கேட்காமலேயே மைக்கில் அறிவித்துவிட்டார். "நம்ம குழு ஜெபத்தால பிள்ளை சுகமான சாட்சிய சிஸ்டர் லில்லி சொல்லுவாங்க."

போனேன். மைக்கைப் பிடித்தேன். "என் பிள்ளைக்கு வந்தது டெங்கி. ஆஸ்பத்திரிக்குப் போகாதேன்னு என்னைத் தடுத்தாங்க. வலிக்குதுன்னு சொல்லக் கூடாதுன்னு பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்துப் பழக்கினாங்க" என்று சொல்லி முடிக்கவில்லை, முன்வரிசையிலிருந்து ஹெப்சி கைத்தாளம் தட்டிப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்! மொத்த மண்டபமும் எழுந்து பாடுகிறது. நான் மைக்கோடு நிற்கிறேன். ஆண்டவரைப் பாடுகிற பாட்டால் ஒரு தாயின் வாயை அடைத்தார்கள். யாருக்கு வரும் இந்தத் துணிச்சல்?

இறங்கி வெளியே வந்துவிட்டேன். படிக்கட்டு வரை என் பின்னாலேயே ஒரு பெண் வந்தார். முன்னே பின்னே தெரியாதவர். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னார். "சிஸ்டர், எனக்கு மாருல ஒரு கட்டி இருக்கு. ஒரு வருஷமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. ஜெயமா இருக்கேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன். எனக்குப் பயமா இருக்கு."

அந்த வாரமே நான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் இரண்டு பேரும் பயமா இருக்கு ஆண்டவரே, பயமா இருக்கு என்றுதான் ஜெபித்துக்கொண்டு போனோம். ஆபரேஷன் ஆயிற்று. இன்று அவர் தன் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் சபைக்கு வருகிறார்.

ஷீபாவுக்கு இப்போது பதினேழு வயது, ஐந்தாம் படிவம் படிக்கிறாள். வாயாடி. எதற்கெடுத்தாலும் குறை சொல்வாள். டேவிட் லோரி ஓட்டுவதை நிறுத்தவில்லை, எனக்குப் பயம் வருவதும் முழுசாக நிற்கவில்லை. ஆனால் முன்பு பயம் வந்தால் என்னை ஆட்டிப்படைக்கும். இப்போது வந்ததும் அதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே ஆண்டவரிடம் போய்விடுகிறேன். அவர் முன்னால் அது ரொம்ப நேரம் நிற்பதில்லை.

கோபம் மட்டும் இருக்கிறது. அதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். சிலுவையில் தொங்கியபோது வலியை மறைக்காமல் வாய்விட்டுக் கதறியவர் அவர். உங்கள் கதறலைக் கேட்டு முகம் சுளிப்பாரா? இங்கே யாராவது வலியை மென்று விழுங்கிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தால், அந்தச் சிரிப்பை இறக்கி வையுங்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். வலித்தால் டாக்டரிடமும் சொல்லுங்கள், அவரிடமும் சொல்லுங்கள். உங்களைச் சொல்ல விடாமல் யாராவது வாயைப் பொத்த வந்தால், கையைத் தட்டிவிட்டு என்னிடம் வாருங்கள். நானே கூட வருகிறேன்.