கருகிய நாற்றும் கடற்பாசியும்

காலை ஆறே காலுக்குத்தான் ஆரம்பித்தது. பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு கலைந்து ஆட்கள் மலையேறிக்கொண்டிருந்தார்கள். நாற்றுமேட்டுக் கங்காணி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, சின்னையாவைக் கூப்பிடுங்க. நாத்தெல்லாம் கருகிக் கிடக்கு."

இன்று சிரித்துக்கொண்டே எழுதலாம். அன்று அப்படியில்லை.

சின்னையா, அதாவது தோட்டத்துத் துரைக்கு உதவி அதிகாரி, என் மகன். தோட்டத்தில் சேர்ந்து முதல் வருஷம், வேலை நிரந்தரமாகவில்லை. எங்கள் மண் இறுகிய மண். மாசி வெயிலில் தேயிலை நாற்றுக் கூடைகள் ஒரே நாளில் காய்ந்துவிடும். புத்தளத்தில் தென்னைக்குக் கடற்பாசி போடுவதைப் பார்த்துவந்தவன், அதை மண்ணில் கலந்தால் ஈரம் நிற்கும் என்று துரையிடம் அனுமதி வாங்கினான். ராகலைக் கருவாட்டுக் கடை முதலாளி தன் லொறியில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். உப்புப் போக ஓடையில் அலசி, மாட்டெருவோடு மக்கவைத்து, எல்லாக் கூடைகளிலும் கலந்தார்கள். "தேயிலைக்குக் கருவாட்டுக் குழம்பா?" என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. நாற்று செத்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

கங்காணி சொன்னதும் மகன் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். பின்னால் நானும் ஓடினேன். கொழுந்துகள் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கின.

"உப்புதாங்க," என்றார் கங்காணி. "பனின்னா புல்லு வெளுத்திருக்குமே?"

புல் வெளுக்கவில்லை. மகன் ஒரு கூடையைப் பிடித்தபடி குந்தியிருந்தான். நான் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். உப்பில்லை. அடுத்த கூடையிலும் இல்லை.

"இந்த வயசுல டீச்சரம்மாவுக்கு மண்ணு கேக்குதே!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பெற்றவளின் நாக்கு சாட்சி சொன்னால் யார் ஏற்பார்கள்? எனக்கே சந்தேகம்தான்.

துரை வந்தார். ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தார். "உப்பு?"

"நல்லா அலசினோம் சேர்."

"ஒப்பீசுக்கு வா."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் கீழே லொறி ஹோர்ன் கேட்டது. கருவாட்டுக் கடை முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

"என்ன, மய்யித்து விழுந்த வீடு மாதிரி நிக்கிறீங்க?"

"உங்க பாசி செஞ்ச வேலை, முதலாளி," என்றார் கங்காணி.

முதலாளி குனிந்து பார்த்தார். "நல்லா இருக்கே கதை! ராகலையிலேர்ந்து வர்ற வழி பூரா உருளைக்கிழங்கு இப்படித்தான் கருகிக் கிடக்கு. வெள்ளையே காட்டாம விழுந்த பனி. இப்பதான் துரை பங்களாக் குசினியில சாமான் இறக்கிட்டு வாறேன். அங்க பீன்ஸ் பாத்தியும் போச்சு. அதுக்கு யாரு பாசி போட்டா?"

துரை ஒரு நாற்றின் தண்டை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை. "துளிர்க்கும். சாயங்காலம் மேலே பந்தல் போடு," என்று மகனிடம் சொல்லிவிட்டு நடந்தார். ஒப்பீஸ் பேச்சே இல்லை.

மகன் என்னைப் பார்த்தான். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. முதலாளிதான் கிட்ட வந்தார்.

"எழும்புங்க டீச்சரம்மா. வாயெல்லாம் மண்ணு."