பூட்டாத கதவுக்கு ஓர் அணிந்துரை

தான் எழுதிய கதையைப் பற்றித் தானே சொல்லும் சாட்சியை ஒருவரும் நம்பாவிட்டால், எழுதியவர் என்ன செய்வது? கிள்ளான் அமுதவள்ளியின் வாழ்க்கை எங்கள் முன் வைத்த கேள்வி இது.

போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு கம்பெனியில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்தபடி ஞாயிறு பத்திரிகைகளுக்குக் கதை எழுதியவர் அவர். பெரும்பாலானவை சுமார். ஒன்று மட்டும் நன்றாக வந்திருந்தது: மகளை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் ஒரு தாயின் கதை.

பிரிக்ஃபீல்ட்ஸில் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் அதை வாசித்தார். வட்டத்தின் தலைவர் சபாபதி, ஓய்வுபெற்ற மனநல ஆலோசகர். எந்தக் கதையையும் எழுதியவரின் ஆழ்மனமாகவே படிப்பார்.

“பூட்டினது ஒங்க அம்மாதானேம்மா?”

“இல்ல சார். கற்பனை லா.”

“பாத்தீங்களா, மறுக்கிறாங்க. அடக்கி வெச்சது இப்படித்தான் வெளிய வரும்.”

“ஆமான்னு சொன்னா?”

“அப்ப ஒத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. மனப்பகுப்பாய்வில் கனவு கண்டவர் ஆலோசகரின் எதிரே இருக்கிறார். இன்று சொன்னதை நாளை மாற்றிச் சொல்லலாம், கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம். அச்சான கதைக்கு அந்த வசதி இல்லை.

தொகுப்பு போட்டபோது அமுதவள்ளி அணிந்துரை கேட்டதும் சபாபதியிடம்தான். இங்கே அணிந்துரை இல்லாமல் யாரும் புத்தகம் போடுவதில்லை; வட்டத்தில் இருந்துகொண்டு தலைவரைத் தாண்டி வேறொருவரிடம் கேட்கவும் முடியாது. அவர் பக்கம் பக்கமாக அந்தப் பூட்டிய அறையைப் பற்றியே எழுதி, பெற்ற தாயால் காயப்பட்ட மனம் என்று முடித்திருந்தார்.

அச்சுக்குப் போகும் முன்பே அதை அமுதவள்ளியின் அம்மா சீதாலெட்சுமி படித்துவிட்டார்.

“நா ஒன்ன எப்பம்மா பூட்டி வெச்சேன்? எஸ்டேட் வீட்டுல நம்ம கதவுக்குப் பூட்டே இல்லையே.”

“அது கதைம்மா.”

“கதைய நானும் படிச்சேன், நல்லாத்தான் இருக்கு. இந்த ஆளு எழுதினத எடுத்துடு. எடுக்கலைன்னா வெளியீட்டுக்கு நா வரமாட்டேன்.”

அமுதவள்ளி சபாபதியிடம் பேசிப் பார்த்தார். ஒரு வரியை மாற்றவும் அவர் இசையவில்லை.

“அம்மாவுக்கு இவ்ளோ கோவம் வருதுன்னா, நான் எழுதினது சரிதாம்மா.”

புத்தகம் வந்தது. அணிந்துரை வரி குறையாமல் அப்படியே இருந்தது. அமுதவள்ளி எடுத்திருந்தது கதையை. தொகுப்பில் இல்லாத ஒரு கதைக்கு அத்தனை பக்க ஆய்வு. இருந்த ஒரே நல்ல கதையும் போயிற்று. வெளியீட்டுக்கு அம்மாவும் வரவில்லை.

கதையை ஏன் எடுத்தீர்கள் என்று வெளியீடு முடிந்து சாப்பிடும்போது சபாபதி கேட்டார். நானும் கேட்டேன்.

“மீ கோரெங் ஆறிடும், சாப்பிட்டுப் போங்க சார்,” என்றார் அமுதவள்ளி, நூடுல்ஸ் தட்டை நீட்டியபடி.