என் கைச்சூடு கேட்ட தொலைநோக்கி

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் எழுதப் படித்தேன். தாளில் எழுதிப் போட்டோ எடுத்துப் போடுகிறேன்.

நான் டீ கொடுக்கப் போகும் ரேடியோ தொலைநோக்கியில் இன்று, வானத்துச் சிக்னலை வாங்கும் புது ரிசீவர் மாட்டினார்கள். காலை முழுக்க அது ஊமை. சரியாகாவிட்டால், அடுத்த வாரம் பக்கத்துத் தொலைநோக்கியோடு சேர்ந்து ஒரே நட்சத்திரத்தைப் பார்க்க முடியாதாம்.

மறுபடி வயரை மாட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த இன்ஜினியரம்மா கூப்பிட்டார்.

“ஏனுங்கய்யா, உங்க கையை ரிசீவருக்கு முன்னாடி காட்டுங்க.”

“டீக்கறையா இருக்குதுங்களே அம்மிணி?”

“சூடு இருந்தாப் போதுமுங்க. அது சூட்டைத்தான் கேக்கும்.”

காட்டினேன். திரையில் படுத்துக் கிடந்த கோடு நேராக எழுந்தது. அந்த அம்மா ஓடிவந்து, கறையோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நட்சத்திரம் கிடைத்ததும் அடுத்த வாரம் எழுதுகிறேன். என் கை போட்ட ஒரே நேர்கோடு அந்தத் திரையில்தான் இருக்கிறது. நம்பாதவர்கள் கீழே கமெண்டில் சண்டைக்கு வரலாம்.